கோடு இல்லாத மாத்திரை

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் குட்டியும் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அண்ணியின் கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்றா?

போனில் சொல்லாமல் எழுதுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். முதல்முறை உடம்புக்கு முடியாமல் போனபோது குட்டி வீட்டிலிருந்த போனையெல்லாம் வாளித் தண்ணீரில் முக்கினானே, அதிலிருந்து இன்றுவரை போன் மணி கேட்டால் அவன் முகம் மாறிவிடுகிறது. உங்களுக்கோ மருந்துக்கடையில் நின்று பேசினால் நாலு பேர் காதில் விழும். நமக்குக் கடிதம்தான் சரி.

குட்டி மூன்று வருஷமாக நன்றாக இருக்கிறான். லிப்ட் கம்பெனியில் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றை அவன் ஒருவனிடமே ஒப்படைத்துவிட்டார்கள். "இருபத்தெட்டு வயசுல தனி சைட்டு, அக்கா, யாருக்குக் கிடைக்கும்?" என்று சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்கிறான். நீங்கள் காலை, இரவு என்று கவரில் எழுதி மாதாமாதம் பார்சல் அனுப்பும் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அவனுக்கு மறுபடி தலை ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவள் நான்தான். பதினொரு வருஷமாக ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் ஆட்களைப் படுக்கவைத்துப் படம் எடுக்கிறேன். எடுப்பது என் வேலை, படிப்பது டாக்டர் வேலை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அறையைத் தாழ்போட்டுக்கொண்டு, நோய் வந்தபோது எடுத்த படம், அடுத்த வருஷப் படம், இந்தப் படம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் திரையிலிருக்கும் அளவுகோலால் நானே அளந்தேன். மூளைக்கு நடுவே நீர் நிற்கும் அறைகள் உண்டு. அவை பெரிதாகியிருக்கின்றன. ஓர மடிப்புகளுக்கு நடுவில் இடைவெளி கூடியிருக்கிறது. நம் தம்பியின் மூளை சுருங்குகிறது, அண்ணா. நான் இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை

ஜனவரி 25

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணியும் நானும் நலம். மூட்டுவலி கூடவே பிறந்த மாதிரி ஆகிவிட்டது, அதை விடு.

உன் கடிதம் வந்த அன்று முழுக்கக் கடையில் எனக்குக் கை ஓடவில்லை. தலைவலி மாத்திரை கேட்டவருக்கு வயிற்றுவலி மாத்திரையை எடுத்து நீட்டினேன். முப்பது வருஷமாக மருந்து விற்கிறேன். கம்பெனிக்காரன் வருவான், பேனாவும் காலண்டரும் கொடுப்பான், பல்லைக் காட்டிவிட்டுப் போவான். இந்த மாத்திரை மூளையை என்ன செய்யும் என்று ஒருத்தனும் வாயைத் திறந்ததில்லை. நானே தேடிப் படித்தேன். இந்த வகை மாத்திரையை அதிக அளவில் பல வருஷம் சாப்பிட்டவர்களுக்கு மூளை கூடுதலாகச் சுருங்கியிருக்கிறதாம். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! அந்தப் பயிருக்கு மாதாமாதம் பார்சல் கட்டி அனுப்பிய புண்ணியவான் நான்!

அவனைப் பார்க்கும் மனநல டாக்டரம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. அவர்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அப்பா அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவன் நான். இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த மாதப் பார்சலில் மாத்திரை வேறு கம்பெனியுடையது. பார்வைக்குக் கொஞ்சம் மாறியிருக்கும். நீ கவலைப்படாமல் வேளாவேளைக்கு அவனுக்குக் கொடு.

ஆசிகளுடன்,
அண்ணன்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம்தானே? எனக்கு ஒரு வாரமாக இருமல். அது கிடக்கட்டும்.

முதலில் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன். மனசு தாங்காமல் அந்த மூன்று படங்களையும் படம் படிக்கும் டாக்டரிடம் காட்டினேன். மனுஷன் மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, பதினொரு வருஷம் இங்க குப்பை கொட்டியிருக்கே. பழைய படம் பழைய மெஷின்ல எடுத்தது. வெட்டோட தடிமன் வேற, தலையோட சாய்வு வேற. ரெண்டு தையக்காரன் ரெண்டு டேப்ல அளந்துட்டு ஆள் இளைச்சுட்டான்னு சொல்றாப்ல இருக்கு நீ சொல்றது" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். சிலருக்கு நோய் வெளியே தெரிவதற்கு முன்பே மூளையின் சாம்பல் நிறப் பகுதி மெலியத் தொடங்கியிருக்குமாம். நோய் முதன்முதலாக முற்றி வெடிக்கும் ஒன்றிரண்டு வருஷத்தில் அது வேகமாக நடக்குமாம். பிறகு பலருக்கு வேகம் குறைந்துவிடுமாம். இதெல்லாம் நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த சராசரி. ஒரு ஆளின் படத்தை வைத்து அவன் எங்கே நிற்கிறான் என்று சொல்ல முடியாது. தண்ணீர் குறைவாகக் குடித்தால்கூட அளவு மாறுமாம். மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். "மாத்திரைக்கும் ஒரு பங்கு இருக்கலாம், நோய்க்கும் பங்கு இருக்கு. இது இவ்வளவு, அது இவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல இன்னும் யாராலயும் முடியல. ஆனா மாத்திரையை விட்டுட்டு மறுபடி விழுந்தா நஷ்டம், அதுல சந்தேகமே இல்ல" என்றார்.

ஆகவே என் ஜனவரிக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அது ஒரு முட்டாளின் கடிதம்.

இன்னொன்று. குட்டி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தகராறு செய்கிறான். "அக்கா, இது என் மாத்திரை இல்ல. என்னோடதுல நடுவுல ஒரு கோடு இருக்கும். இதுல இல்ல" என்கிறான். வேறு கம்பெனி என்று சொன்னேன். "மோட்டார்ல ஒரு நட்டு மாறினாலே எனக்குத் தெரியும். தினம் வாயில போடறது தெரியாதா?" என்று கேட்கிறான். அவன் தூக்கமும் சரியில்லை. எந்தக் கம்பெனி, மாத்திரையின் பெயர் என்ன, அளவு என்ன என்று எழுதுங்கள். அவனிடம் காட்டி வாயை மூடிவிடுகிறேன்.

உங்கள் தங்கை

மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

நலம். இருமலுக்கு வெந்நீர் குடி. இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அண்ணிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

சந்தேகம் அந்த நோயின் குணம் என்று உனக்குத் தெரியாதா? நீ இளகினால் அவன் ஏறிக்கொள்வான். எதிரில் உட்கார்ந்து விழுங்கச் சொல். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்.

பார்சல் அனுப்பிவிட்டேன்.

ஆசிகளுடன்,
அண்ணன்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். கண்ணில் தூசி படாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்று கேள்வி கேட்டிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. வெயில் தொடங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேயும் வெயில்தான்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். எதிரில் உட்கார்ந்தேன், விழுங்கச் சொன்னேன், டார்ச் அடித்து நாக்குக்கு அடியில் பார்த்தேன். இருபத்தெட்டு வயசு ஆண்பிள்ளை, வாயைப் பிளந்துகொண்டு அழுதான். நேற்று அவன் தன் டூல் பையிலிருந்து ஒரு பழைய மாத்திரையை எடுத்தான். எப்போதோ மிஞ்சியதாம். அதையும் புதியதையும் மேஜைமேல் பக்கத்தில் வைத்து, "நீயே பாருக்கா. நான் ஒண்ணும் சொல்லல, நீயே பாரு" என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, பழையதை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். புதியதை அவன் கையில் வைத்தேன். விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அவன் இப்போது தனக்குள் பேசிக்கொள்கிறான், அண்ணா. சுவரைப் பார்த்துச் சிரிக்கிறான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் தொடங்கியது. உடனே பதில் போடுங்கள்.

தங்கை

மே 2

அண்ணாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். பதில் வராததால் வேறு வழியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை. பார்சல் மட்டும் நாள் தவறாமல் வருகிறது.

குட்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் மோட்டார் அறைக்குள் போய் மெயினை அணைத்து, கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டான். லிப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பல் டாக்டரும், பல் பிடுங்க வந்த ஒரு பெரியவரும் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். பெரியவருக்கு மூச்சு வாங்கியது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவை உடைத்துக் குட்டியை வெளியே கொண்டுவந்தார்கள். "கயிறு அறுந்துபோகும்னு மோட்டார் சொல்லிச்சு. யாரும் சாகக் கூடாதுன்னுதான் நிறுத்தினேன்" என்று எல்லோர் கையையும் பிடித்துப் பிடித்துச் சொன்னானாம்.

கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. விசாரணை வருமாம். வேண்டுமென்றே மாத்திரையை விட்டவன் என்றால் இனி லிப்டைத் தொட விட மாட்டார்கள் என்று சர்வீஸ் மேனேஜர் என்னிடம் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மாவும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். "ஒழுங்கா சாப்பிட்டாரா?" என் கண் முன்னால், ஒவ்வொரு வேளையும் என்றேன். அவர்கள் நம்பவில்லை. ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

தங்கை

மே 10

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கும் இடம் இது. விசாரிக்கவில்லை.

அவன் ரத்தத்தில் அந்த மருந்தின் சுவடே இல்லை. மிச்சமிருந்த கவர்களை எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கொட்டிக் காட்டினேன். அந்தப் பெண் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது சத்து மாத்திரை, அக்கா. பசி எடுக்கறதுக்குக் குடுப்போமே" என்றாள்.

பசி எடுக்க! அவன் நாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்து நான் பசிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறேன்! அவன் இல்லை இல்லை என்று கதறியபோது உங்களுக்குத் தெரியும். சந்தேகம் நோயின் குணம் என்று எனக்கு எழுதியபோது உங்களுக்குத் தெரியும். படம் படிக்கும் டாக்டர் சொன்னதை வரிக்கு வரி எழுதினேனே, அதற்கப்புறமும் பார்சல் கட்டினீர்களே, நீங்கள் மனுஷன்தானா? அவன் பைத்தியம் என்று நான் நினைத்த நாளெல்லாம் இந்த மூன்று பேரில் உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான்.

விளக்கம் வேண்டும். வெயிலைப் பற்றி எழுத வேண்டாம்.

மே 24

அன்புத் தங்கைக்கு,

நீ எப்படி ஏசினாலும் நான் உன் அண்ணன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பிப்ரவரியில் பாதி அளவுள்ள, கோடில்லாத மாத்திரை வைத்துக் குறைத்தேன். மார்ச்சிலிருந்து அதையும் நிறுத்திச் சத்து மாத்திரை வைத்தேன். அவனிடம் சொன்னால் பயப்படுவான், உன்னிடம் சொன்னால் டாக்டரிடம் போவாய். அவன் மூளை கரைகிறது என்று எழுதியவள் யார்? நீ. அளவுகோல் வைத்து அளந்தவள் யார்? நீ. கிழித்துப் போடு என்று நீ சொன்னால் படித்தது மனசிலிருந்து கிழிந்துவிடுமா? நான் என்ன விஷமா கொடுத்தேன்? என் பிள்ளையின் மூளையைக் காப்பாற்றப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. அதற்காக என்னைத் தூக்கிலா போடுவாய்?

நடந்தது நடந்துவிட்டது. இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். சீட்டில் எழுதிய மாத்திரையை நான் மாற்றினேன் என்று வெளியே தெரிந்தால் கடை உரிமம் போகும். கடை போனால் நானும் அண்ணியும் எங்கே போவோம்? விசாரணையில், அவனே மாத்திரையை விட்டுவிட்டான் என்று சொல்லிவிடு. இந்த நோயில் அது சகஜம். யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். வேலை போனால் போகட்டும். நான் மாதம் தவறாமல் அவனைப் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

அண்ணன்

ஜூன் 15

அண்ணனுக்கு,

குட்டி எழுதறது. நான் தேவலை. நீ எப்படி இருக்கே, அண்ணி எப்படி இருக்காங்க? எனக்குப் புத்தகத் தமிழ் வராது, பேசற மாதிரியே எழுதறேன்.

அக்கா எரிக்கல. நீங்க ரெண்டு பேரும் எழுதின எல்லாத்தையும் என்கிட்டக் குடுத்துட்டா. தான் அனுப்பினதுக்கெல்லாம் நகல் வெச்சிருக்கா, ஆஸ்பத்திரிக்காரி புத்தி. நாலு நாளா படிச்சேன். என் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு இஞ்சு டேப் வெச்சுப் பேசியிருக்கீங்க. நீர் அறை பெருசு, மடிப்பு சின்னதுன்னு. சரி. அந்த மண்டைக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் அதே வீட்டுல சாப்பிட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தானே, அவன்கிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டீங்களாடா? குட்டி, மாத்திரையில இப்படி ஒரு கெடுதல் இருக்காம், நீ என்ன சொல்றேன்னு கேட்டிருந்தா நான் கடிச்சா தின்னிருப்பேன்? யோசிச்சிருப்பேன். டாக்டரம்மாகிட்டப் போயிருப்பேன். இப்பவும் அதைத்தான் செஞ்சேன். மணிக்கணக்கா பேசினாங்க. அளவைக் குறைக்கணும்னா படிப்படியா, அவங்க கண் முன்னாடி குறைக்கலாமாம். அதுக்கு ஒரு முறை இருக்காம். திருட்டுத்தனம் தேவையில்லையாம்.

சத்தம் கேக்கறதைவிடக் கொடுமை எது தெரியுமா? சத்தம் கேக்கும்போது, அது பொய்யா இருக்கலாம்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். மூணு வருஷமா பழகின பழக்கம். கண்ணால பார்க்கறதைப் பிடிச்சுக்குவேன். நட்டு, போல்ட்டு, கயிறு, மாத்திரை. அந்த மாத்திரையில கோடு இல்லன்னு நான் கண்ணால பார்த்தேன். நீங்க ரெண்டு பேரும் அது உன் நோயின்னு சொன்னீங்க. அப்ப கண்ணும் பொய்யின்னு ஆச்சு. அப்புறம் மோட்டார் பேசினா நான் எதை வெச்சுடா அதைப் பொய்யின்னு சொல்வேன்?

என்னை வளர்த்தேன்னு எழுதியிருக்கே. வளர்த்தே, இல்லன்னு சொல்லல. அதுக்குக் கூலியா நான் பைத்தியக்காரப் பட்டம் வாங்கிக்கணுமா?

ஜூலை எட்டாம் தேதி விசாரணை. எனக்குச் சோறு போடறேன்னு நீ சொல்ல வேண்டாம். நீ வா. இல்லன்னா நாலு வரி எழுதி அனுப்பு. மாத்திரையை மாத்தினது நான், இவனுக்குத் தெரியாது, இவன் சொன்னான், நாங்க கேக்கலன்னு எழுது. அது போதும். உன் கடையைப் பத்தி நான் எவன்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். என் வேலை எனக்கு வேணும்.

குட்டி

ஜூலை 10

அண்ணாவுக்கு,

எங்கள் இருவருக்கும் உடம்பு பரவாயில்லை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வரும் என்று எட்டாம் தேதி காலைவரை குட்டி தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தான். ஏழாம் தேதி வந்தது பார்சல். காலை, இரவு என்று எழுதிய கவர்கள், உள்ளே கோடு போட்ட மாத்திரை, சரியான அளவு. ஒரு வரி எழுத்து இல்லை. பார்சலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவன் இப்போது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் தானே வரிசையில் நின்று, மாத்திரைப் பட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்கிக்கொள்கிறான்.

விசாரணையில் நான் பேசினேன். ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்தேன். மாத்திரையை அனுப்பியவர் மாற்றிவிட்டார், அவர் என் அண்ணன், அவரைக் கிளப்பிவிட்டது என் அரைகுறைப் படிப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மே மாதக் கடிதம் என் பையிலேயே இருந்தது. அதைக் காட்ட வேண்டாம் என்று குட்டி முன்பே சொல்லிவிட்டான். காட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். காட்டாததால் மூன்று மணி நேரம் ஆயிற்று. அக்காக்காரி தம்பிக்காகக் கதை கட்டுகிறாள் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். கடைசியில் ஆறு மாதம் பட்டறையில் உதிரி பாகம் கழற்றும் வேலை, அதற்குப் பிறகு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தால் மறுபடி சைட் என்று தீர்ப்பு. நீங்கள் நாலு வரி எழுதியிருந்தால் அந்த ஆறு மாதமும் இல்லை.

உரிமம் விஷயமாக நான் எங்கேயும் எழுதவில்லை. அது உங்களுக்காக இல்லை. குட்டி வாக்குக் கொடுத்துவிட்டான், அதனால்.

மேனேஜர் கடைசியாக அவனிடம் ஒன்று கேட்டார். "மாத்திரை மாறியிருக்குன்னு தெரிஞ்சுதுங்கற. துப்பியிருக்கலாம், ஜன்னல் வழியா வீசியிருக்கலாம். தெரிஞ்சுக்கிட்டே ஏன்பா தினமும் முழுங்கினே?"



"அக்கா குடுத்தாங்க சார்" என்றான் குட்டி.

நான் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், அண்ணா.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை